ஒன்பது பேரும் மூன்றாம் நம்பர் ரோலரும்

சலவைக்கூடத்தில் அவருக்கு அமுக்குணி என்று பெயர். வைத்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார், பெயர் மட்டும் தங்கிவிட்டது. பத்தொன்பது வருஷமாக மூன்றாம் நம்பர் ரோலரில் நிற்கிறார். ஓட்டல்களின் படுக்கை விரிப்புகள் துவைத்துப் பிழிந்து, ஈரத்தோடு டிராலியில் வரும். இரண்டு முனையையும் பிடித்து உதறி, சூடான உருளைக்குள் நுழைக்க வேண்டும். அந்தப் பக்கம் சுடச்சுட வெளியே வருவதை இன்னொருவர் பிடித்து மடிப்பு மேசைக்கு அனுப்புவார். இந்த வேலைக்குப் பேச்சு தேவையில்லை. அவரும் பேசவில்லை. ‘ம்’, ‘சரி’, ‘ஆகட்டும்’, இந்த மூன்றையும் வைத்துக்கொண்டே பத்தொன்பது வருஷத்தைத் தள்ளிவிட்டார்.

அதே ஆள் மூன்று மணிக்கு வேலை முடிந்து வீட்டுக்குப் போய், சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுக் கணினி முன்னால் உட்கார்ந்தால் அவர் பெயர் இடிமுழக்கம்.

மகள் கல்யாணமாகிப் போனபோது விட்டுப்போன கணினி அது. “சும்மா உட்கார்ந்திருக்காதீங்கப்பா, பொழுது போகும்” என்று அவள்தான் அந்த ஆட்டத்தைப் போட்டுக் கொடுத்தாள். ஆட்டத்தின் பெயர் ‘பத்துப் பேர்’. ஓர் அக்காவும் தம்பியும் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து செய்தது. பெரிய கம்பெனி கிடையாது, விளம்பரம் கிடையாது, படங்களெல்லாம் கரிக்கட்டையால் கிறுக்கினதுபோல் இருக்கும். ஒரு நகரம். அதில் ஒரு வாடகை அறை, ஒரு மேசை, ஒரு சைக்கிள், நீங்கள். அங்கிருந்து புரட்சியைத் தொடங்க வேண்டும். துப்பாக்கி கிடையாது. ஆள் சேர்ப்பதுதான் ஆட்டம்; எதிரில் அதிகாரி ஒவ்வொரு சீட்டாக இறக்கித் தடுப்பான். ஒவ்வொரு ஆளின் தலைக்கு மேலும் மூன்று கோடுகள் ஓடும்: கோபம், பயம், களைப்பு. பத்துப் பேருக்குக் கோபம் பயத்தைத் தாண்டினால் புரட்சி வெடிக்கும். அதற்குள் பத்தில் ஒருத்தன் போய்க் காட்டிக்கொடுத்து விடுவான். எவன் என்று கடைசிவரை தெரியாது.

பொழுது போயிற்று. அறுநூற்றுப் பதினோரு மணி நேரம் போயிற்று.

ஆடுகிறவர்கள் கருத்து எழுத ஒரு பக்கம் இருந்தது. மொத்தமே நாற்பது ஐம்பது பேர்தான். ஆனால் சத்தத்துக்குக் குறைவில்லை. ‘அரசாங்கத்தைக் கவிழ்க்கலாம் என்று வாங்கினேன், மூன்று நாளாக சைக்கிளுக்கு பஞ்சர் ஒட்டிக்கொண்டிருக்கிறேன்’ என்று ஒருவர். ‘காட்டிக்கொடுத்தவன் என் சொந்தத் தம்பியாம், ஆட்டத்தில்கூட நிம்மதி இல்லை’ என்று ஒருவர். ‘பூனை கீபோர்டில் நடந்தது, பதினைந்து நிமிஷத்தில் புரட்சி வந்துவிட்டது, எனக்கு இன்றுவரை வரவில்லை’ என்று இன்னொருவர்.

இவர்களுக்கெல்லாம் மேலே, எல்லாரையும்விட நீளமாக, இடிமுழக்கத்தின் கருத்து நின்றது. தலைப்பில் கட்டைவிரல் கீழே பார்த்தது. பரிந்துரைக்கவில்லை.

‘இதைச் செய்தவர்கள் வேலை பார்த்த மனிதர்களைப் பார்த்ததே இல்லை. இரண்டு துண்டறிக்கை கொடுத்தால் ஒருவன் கிளம்பி வந்துவிடுகிறான். எங்கே வருகிறான்? எட்டு மணி நேரம் நின்றவன் வீட்டுக்குப் போய் வெந்நீரில் காலை வைப்பான். கோபமெல்லாம் அந்த வெந்நீரிலேயே போய்விடும். களைப்புக் கோட்டை இரண்டு மடங்கு ஏற்றுங்கள்.’

கீழே ஒருவர் எழுதினார்: ‘அறுநூறு மணி நேரம் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, இலையை மூடும்போது உப்பு இல்லை என்கிறார் பெரியவர்.’

அக்காவும் தம்பியும் மட்டும் மரியாதையாகப் பதில் போட்டார்கள்: ‘ஐயா சொல்வது சரி. அடுத்த பதிப்பில் களைப்பை ஏற்றுகிறோம்.’ ஏற்றினார்கள். அதற்குப் பிறகு ஒரு மாதம் யாருக்குமே புரட்சி வரவில்லை. பக்கம் முழுக்க இடிமுழக்கத்துக்குத் திட்டு. அவர் ஒவ்வொரு திட்டையும் இரண்டு தடவை படித்தார். வாழ்க்கையில் அவர் சொல்லி ஒன்று மாறியது அதுதான் முதல் தடவை.

சலவைக்கூடத்தில் மாற வேண்டியது ஒன்று இருந்தது. ஜன்னல்.

ரோலர் ஓடும் அந்த நீளக்கூடத்துக்கு ஒரே ஒரு ஜன்னல்தான், அதுவும் மூன்றாம் நம்பருக்குப் பக்கத்தில். போன வருஷம் பக்கத்து மனையில் கட்டடம் எழும்பியபோது, சிமெண்ட் தூசி பறந்து வந்து வெள்ளை விரிப்பில் படிந்தது. ஓட்டல்காரர்கள் கத்தினார்கள். மேற்பார்வையாளர் ஒரு பலகையை வைத்து ஜன்னலை ஆணியடித்து மூடினார். “ரெண்டு மாசம்தான், தற்காலிகமா” என்றார். கட்டடம் முடிந்து ஆள் குடிவந்து எட்டு மாதமாயிற்று. பலகை அப்படியே இருந்தது. உள்ளே நிற்கிறவர்கள் உருளைக்குள் போகாத துணிபோல் ஈரமாக நின்றார்கள். போன மாதம் இரண்டாம் நம்பரில் துணி பிடிக்கிற பெண் மயக்கம் போட்டு விழுந்தாள். டிராலிக்குள் விழுந்ததால் அடி படவில்லை. மேற்பார்வையாளர் வந்து பார்த்து, துணி அழுக்காகிவிட்டதா என்று கேட்டார்.

அந்த மேற்பார்வையாளர் அமுக்குணியின் மைத்துனன். மனைவியின் தம்பி. பதினோரு வருஷத்துக்கு முன்னால், “என் தம்பிக்கு ஒரு வழி பண்ணுங்க” என்று வீட்டுக்காரி மூக்கைச் சிந்தியதால், கையைப் பிடித்துக் கூட்டிவந்து துணி எண்ணுகிற வேலையில் சேர்த்துவிட்டவரே இவர்தான். பையன் வாயாலேயே ஏறினான். இன்றைக்குக் கண்ணாடி அறையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறான். வீட்டுக்கு வந்தால் “மாமா, முழங்கால் எப்படியிருக்கு?” என்பான். வேலையில் “மூணாம் நம்பர், வேகம் பத்தலை” என்பான். இவர் வீட்டில் “வா மாப்ள” என்பார். வேலையில், “சரி சார்.”

கூடத்தில் இவருக்கு அதனால் ஒரு சிக்கல் உண்டு. ஏழு மணி டீ இடைவேளையில் இவர் வந்து நின்றால் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். துவைக்கும் மெஷினில் நிற்கிற நெட்டையன் ஒருதடவை காதில் விழும்படியே சொன்னான்: “பார்த்துப் பேசுங்கப்பா, சுவத்துக்குக் காது இருக்கோ இல்லையோ, மூணாம் நம்பருக்கு மச்சினன் உறவு இருக்கு.” இவர் ‘ம்’ என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார். ஜன்னலைத் திறக்கச் சொல்லி மைத்துனனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம். எட்டு மாதமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கேட்கத்தான் நினைத்தார். மைத்துனன் வந்து, சாப்பிட்டு, ஏப்பம் விட்டு, போய்க்கொண்டிருந்தான். பயக்கோடு, கோபக்கோட்டுக்கு மேலே அசையாமல் நின்றது.

அந்தச் சமயத்தில்தான் கருத்துப் பக்கத்தில் ‘கத்துக்குட்டி’ என்ற பெயரில் ஒருவர் புதிதாக எழுத ஆரம்பித்தார். மற்றவர்கள் மாதிரி வம்பு பேசவில்லை. கேள்வி மட்டும் கேட்டார். கேள்விகளெல்லாம் வேலை தெரிந்த கேள்விகள்.

‘இடிமுழக்கம் ஐயா, ஆட்களுக்குக் கோபம் இருக்கிறது. கூப்பிட்டால் ஆளுக்கொரு குறை சொல்கிறார்கள். என்ன செய்வது?’

ஐயா என்று கேட்டவுடன் இவருக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது. எழுதினார்: ‘ஒரே ஒரு குறையை எடு. உடம்பில் படுகிற குறையாக எடு. ஒருத்தர்தான் பேச வேண்டும், மற்றவர்கள் நிற்க வேண்டும். யாரும் கத்தக் கூடாது. வெறுங்கையோடு போகாதே. அதிகாரி கண்ணால் பார்க்கிற மாதிரி ஒரு பொருளை மேசையில் வை.’

இன்னொரு நாள் எழுதினார்: ‘அதிகாரியின் சீட்டிலேயே மோசமானது “பார்க்கலாம்” சீட்டு. ஒன்றும் கொடுக்காமலே எல்லார் கோபத்தையும் பாதியாக்கிவிடும். அதைப் போட்டானென்றால் உடனே தேதி கேள். கிழமை கேள். எழுதி வாங்கு. அதுவரை ஓர் அடி பின்னால் வைக்காதே. நான் நாற்பது புரட்சியை இந்தச் சீட்டில் இழந்திருக்கிறேன்.’

பிறகு ஒரு சாயங்காலம் அந்தக் கேள்வி வந்தது. ‘ஒன்பது பேர் தேறிவிட்டார்கள். பத்தாவது ஆள் அதிகாரிக்குச் சொந்தக்காரன். பேசவே மாட்டான். நல்லவனா கெட்டவனா என்றே தெரியவில்லை. சேர்க்கலாமா?’

இடிமுழக்கம் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

‘கூடவே கூடாது. அதிகாரியோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன் நமக்கு ஆகமாட்டான். பேசுகிறவனையாவது நம்பலாம், பேசாதவன்தான் காட்டிக்கொடுப்பான். அவன் காதில் விழாமல் செய். புரட்சிக்குத்தான் பத்துப் பேர், ஒரு கோரிக்கைக்கு ஒன்பதே தாராளம்.’

‘நன்றி ஐயா’ என்று வந்தது. அன்றைக்கு இவர் திருப்தியாகச் சாப்பிட்டார். “என்னங்க, ரெண்டாவது தடவை போட்டுக்கிறீங்க?” என்று வீட்டுக்காரி ஆச்சரியப்பட்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு இவர் வந்தபோது, மூடிய ஜன்னலின் திட்டில் ஒரு மெழுகுவத்தி நட்டிருந்தது. நெருப்பு வைக்கவில்லை, சும்மா நின்றது. யாருக்காவது வேண்டுதலாக இருக்கும் என்று விட்டுவிட்டார். டீ நேரத்தில் இவர் போனதும் ஒன்பது பேரும் ஒரே சமயத்தில் டீயைக் குடித்து முடித்தார்கள். யாருக்காவது சாவோ என்று நினைத்தார். ஒன்பது மணிக்குப் பார்த்தால் மெழுகுவத்தி இடுப்பு வளைந்து நின்றது. பத்து மணிக்குத் தலை தரையைப் பார்த்தது.

பத்தடித்த கையோடு ஒன்றாம் நம்பர் ரோலர் நின்றது. அப்புறம் இரண்டாம் நம்பர். துவைக்கும் மெஷின்கள் நின்றன. பத்தொன்பது வருஷத்தில் அந்தக் கூடத்தில் இவருக்குத் தன் மூச்சுச் சத்தம் கேட்டது அன்றைக்குத்தான்.

மடிப்பு மேசைக்குத் தலைவி போல இருக்கிற அம்மாளை எல்லாரும் மடிப்பக்கா என்பார்கள். ஐம்பது வயது, கண்ணாடி போட்டவள், நான்கு மடிப்பில் ஒரு விரிப்பைப் புத்தகம் மாதிரி ஆக்கிவிடுவாள். அவள் வந்து ஜன்னல் திட்டிலிருந்து மெழுகுவத்தியை எடுத்தாள். இவரைப் பார்க்கவில்லை. எட்டுப் பேர் பின்னால் நடக்க, கண்ணாடி அறைக்குப் போனாள்.

இவர் மட்டும் நின்றார். என்ன செய்வதென்று தெரியாமல், கை பழகிய வேலையைச் செய்தார். விரிப்பை உதறி உருளைக்குள் விட்டார். அந்தப் பக்கம் பிடிக்க ஆள் இல்லை. சூடாக வெளியே வந்த விரிப்பு அப்படியே தரையில் குவிந்தது. இன்னொன்றை விட்டார். அதுவும் குவிந்தது.

கண்ணாடி அறைக் கதவு திறந்திருந்தது. மடிப்பக்காவின் குரல் தெளிவாகக் கேட்டது.

“சார், யாரும் கத்தறதுக்கு வரலை. ஒரே ஒரு விஷயம். இந்த மெழுகுவத்தியைக் காலைல ஆறு மணிக்கு நேரா வெச்சேன். இப்பப் பாருங்க. நாங்க எட்டு மணி நேரம் அங்கதான் நிக்கறோம். அந்தப் பலகையை எடுக்கணும்.”

இவருடைய கை விரிப்போடு அந்தரத்தில் நின்றது. ஒரே ஒரு விஷயம். ஒருத்தர் பேச்சு. மேசையில் ஒரு பொருள். இது எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. எங்கேயோ என்ன, வரி வரியாகத் தெரிந்தது. எழுதியபோது இருந்த எழுத்துப்பிழைகூட ஞாபகம் வந்தது. கூடவே கடைசி அறிவுரையும் ஞாபகம் வந்தது. அதிகாரியோடு ஒரே பந்தியில் சாப்பிடுகிறவன். பேசாதவன். அவன் காதில் விழாமல் செய்.

யாரைச் சொல்லியிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

மைத்துனன் மெழுகுவத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முகத்தை உருக்கமாக வைத்துக்கொண்டான். “எனக்கு மட்டும் தெரியாதாக்கா? உங்களையெல்லாம் நான் குடும்பமாத்தான் நினைக்கிறேன். மேல ஒரு வார்த்தை பேசிட்டு, பார்க்கலாம்.”

எட்டு முகங்களும் இளகின. நெட்டையன் இரண்டு கையையும் கூப்பி, “ரொம்ப நன்றி சார்” என்றான். மடிப்பக்கா ஒரு நொடி தடுமாறினாள். ஆட்டத்தில் சீட்டு கீழே விழும்போது சத்தம் கேட்கும். நேரில் அப்படிக் கேட்பதில்லை. சிரித்த முகத்தோடு வந்தது. “சரிங்க சார்” என்று அவளும் திரும்பினாள்.

தைரியம் வந்தது என்று சொன்னால் அது பொய். நாற்பது புரட்சியைத் தோற்றவனுக்கு நாற்பத்தொன்றாவது கண்ணெதிரே கெட்டுப்போவதைப் பொறுக்க முடியவில்லை, அவ்வளவுதான். சீட்டாட்டம் பார்க்கிறவன் தப்பான சீட்டு விழுந்தால் தொடையில் அடித்துக்கொள்வானே, அந்த மாதிரி அமுக்குணியின் வாயிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது.

“தேதி கேளு!”

ஒன்பது பேரும் திரும்பினார்கள். கண்ணாடி அறைக்குள்ளிருந்து மைத்துனன் எட்டிப் பார்த்தான். அதிர்ச்சியில் அவனுக்கு நம்பர் மறந்துவிட்டது.

“என்ன மாமா?”

“பார்க்கலாம்னு சொன்னா என்னைக்குன்னு கேளு! கிழமை கேளு, எழுதி வாங்கு! அதுக்கு முன்னாடியே பின்னால வர்றியே, எத்தனை தடவை சொல்லியிருக்கேன் உனக்கு!”

மடிப்பக்கா கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றினாள்.

“நீங்க எனக்கு எப்ப சொன்னீங்க?”

அமுக்குணி வாயை மூடிக்கொண்டார். ரொம்ப தாமதமாக மூடிக்கொண்டார். அவள் இவரை மேலிருந்து கீழே பார்த்தாள். அவள் முகத்தில் ஒவ்வொரு கருத்தாக ஓடுவது இவருக்குத் தெரிந்தது.

“கடவுளே” என்றாள். “இடி... நீங்களா?”

“எந்த இடி?” என்றான் நெட்டையன்.

“நீ சும்மா இரு.” அவள் மறுபடி மேசைப் பக்கம் திரும்பினாள். குரல் இப்போது வேறு மாதிரி இருந்தது. “சார், என்னைக்கு?”

“என்னைக்குன்னா... மேல பேசணும்ல...”

“கிழமை சொல்லுங்க சார். நாங்க நிக்கறோம்.”

ஓட்டல் வண்டி பதினொன்றுக்கு வந்துவிடும். மைத்துனன் கடிகாரத்தைப் பார்த்தான், குவிந்து கிடந்த துணியைப் பார்த்தான், கடைசியில் மாமாவைப் பார்த்தான். டெலிவரிச் சீட்டின் பின்புறத்தில் ‘வியாழன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

சாயங்காலம் வீட்டில் வரவேற்பு பலமாக இருந்தது. தம்பி போனில் அழுதிருந்தான்.

“பத்தொன்பது வருஷமா வாயத் திறக்காத மனுஷன்” என்று வீட்டுக்காரி தட்டை வைத்த சத்தத்தில் தண்ணீர் தளும்பியது. “திறக்கறதுதான் திறந்தீங்க, என் தம்பி மேலயா திறக்கணும்?”

“ம்.”

“இப்ப மட்டும் ம்! அவனை ஒன்பது பேர் முன்னால நிக்க வெச்சு...”

“அவன் உட்கார்ந்துதான் இருந்தான்.”

“என்ன சொன்னீங்க?”

“ஒண்ணுமில்ல.”

வியாழக்கிழமை பலகையைக் கழற்றினார்கள். ஆறடி தள்ளிப் புதுக் கட்டடத்தின் மொட்டைச் சுவர் தெரிந்தது, நடுவில் யார் வீட்டுக் குளியலறைக் குழாயோ போயிற்று. பார்க்க வேறொன்றும் இல்லை. ஆனால் அந்தச் சந்து வழியாகக் காற்று வந்தது. இரண்டாம் நம்பர் பெண் உருளையை விட்டு ஓடிவந்து, முகத்தை ஜன்னலில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள். நெட்டையன் இவர் முதுகில் ஒரு தட்டு தட்டி, “அமுக்குணி அண்ணே, சும்மா சொல்லக் கூடாது” என்றான். பத்தொன்பது வருஷத்தில் முதல் அண்ணே.

இவர் அந்தக் காற்றை ஒரே ஒரு நாள் வாங்கினார்.

வெள்ளிக்கிழமை காலையில் மூன்றாம் நம்பரில் வேறு ஆள் நின்றான். “மாமா, உங்க முழங்காலுக்கு நின்னு வேலை பார்க்கறது ஆகாது” என்று மைத்துனன் பாசமாகச் சொன்னான். “அழுக்குப் பிரிக்கற அறையில உட்கார்ந்தே செய்யலாம்.” பாய்லருக்கு முதுகைக் கொடுத்து இருக்கிற அறை அது. கறை, வாந்தி, சிந்திய குழம்பு என்று துணியைத் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். ஜன்னல் கிடையாது. எப்போதுமே கிடையாது, ஆகவே மூடிவிட்டார்கள் என்று யாரும் குறை சொல்லவும் முடியாது.

“சரி சார்” என்றார்.

மத்தியானம் ஒரு டிராலி அந்த அறை வாசலில் வந்து முட்டி, கதவைத் திறந்தபடி நிறுத்தியது. கூடத்துக் காற்றில் ஒரு கீற்று கணுக்கால் வரைக்கும் வந்தது. தள்ளிக்கொண்டு வந்தது மடிப்பக்கா.

“உங்களுக்காக இல்ல” என்றாள். “சக்கரம் மக்கர் பண்ணுது, இங்கேயே நிக்கட்டும்.” போனவள் நின்றாள். “எங்க வீட்டுக்காரர் காலை ஒடிச்சுக்கிட்டு மூணு மாசம் படுத்திருந்தப்ப அந்த ஆட்டத்தை வாங்கினார். அவர் எழுந்து நடந்துட்டார், நான் உட்கார்ந்துட்டேன். அவ்வளவு பேசற ஆளு இங்க ஏன் ஊமையா இருந்தீங்க?”

அழுக்குத் துணியைப் பிரித்துக்கொண்டே யோசித்தார். “அங்க என் மச்சினன் இல்ல” என்றார்.

சாயங்காலம் கணினி முன்னால் உட்கார்ந்து பழைய கருத்தைத் திருத்தினார். ‘அறுநூற்று நாற்பத்தெட்டு மணி நேரம். இப்போதும் பரிந்துரைக்கவில்லை. ஜெயித்ததும் கொடி பறக்கிறது, பாட்டு வருகிறது, ஆட்டம் முடிந்துவிடுகிறது. மறுநாள் காலை ஆறு மணிக்கு வேலைக்குப் போனால் என்ன ஆகும் என்று இதைச் செய்தவர்கள் காட்டவே இல்லை.’

அக்காவும் தம்பியும் வழக்கம்போல ‘ஐயா சொல்வது சரி’ என்றார்கள். அதற்குக் கீழே கத்துக்குட்டி எழுதியிருந்தார்.

‘ஐயா, ஒரு சந்தேகம். அதிகாரியின் சொந்தக்காரனை அழுக்கு அறையில் தூக்கிப் போட்டுவிட்டார்கள். அவனைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர ஒன்பது பேரும் தயார். ஆனால் இந்தத் தடவை அவனும் கூட வந்து, கண்ணாடி அறை வாசலில் நிற்க வேண்டும். வருவானா?’

சமையலறையில் வீட்டுக்காரி பாத்திரத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தம்பி சாப்பிட வருகிறானாம். இடிமுழக்கம் கீபோர்டில் ஒரு விரலால் தட்டினார்.

‘களைப்பு அதிகம் உள்ள ஆள். பயமும் உண்டு. பார்க்கலாம்.’

பதில் உடனே வந்தது. ஒரே சொல்.

‘என்னைக்கு?’

தன்னையே திட்டிக்கொண்டார். சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். ஞாயிறு கழியட்டும், சாப்பாட்டு நேரத்தில் வேண்டாம்.

‘திங்கள்’ என்று அடித்தார்.